குறைமாசப் பிள்ளைக்கு நுரையீரல் மருந்து: வார்டு வாசலில் கேட்கிற கேள்விகள்

பாளையங்கோட்டையில் பச்சைப் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டில் 16 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். கதவைத் திறந்து வெளியே தலை நீட்டினால் போதும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ ஆச்சியோ எழுந்து ஓடி வருவார்கள். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். உள்ளே மானிட்டர் கத்திக்கொண்டிருக்கும், நானும் பாதி பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். அப்படிப் பாதியில் விட்ட பதில்களைத்தான் இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சர்ஃபாக்டன்ட் போடணும்னு சொல்லுதாங்க. அது என்ன மருந்து?

முதல் விஷயம், இது வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு இல்லை. உங்கள் நுரையீரலிலும் என் நுரையீரலிலும் இந்த நிமிஷம் ஊறிக்கொண்டிருக்கிற பொருள்தான். நுரையீரலுக்குள் கடுகை விடச் சின்னச் சின்னக் காற்றறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றின் உட்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரம் என்றால் ஒட்டும். மளிகைக் கடையில் நனைந்த பாலித்தீன் பையை வாங்கி வாயைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு எவ்வளவு படுத்தும்? மூச்சை வெளியே விட்டதும் காற்றறையும் அப்படித்தான் ஒட்டப் பார்க்கும். ஒட்டவிடாமல் தடுக்க அந்த ஈரத்தின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. அதுதான் சர்ஃபாக்டன்ட். பெரும்பகுதி கொழுப்பு, கொஞ்சம் புரதம், அவ்வளவுதான்.

அது இல்லாத பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு. ஆனித் தேரோட்டத்தில் பலூன் வாங்கி ஊதினவர்களுக்குத் தெரியும், முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும், பாதி ஊதி வைத்த பலூன் லேசாக ஏறும். நமக்கெல்லாம் நுரையீரல் எப்போதும் பாதி ஊதின பலூனாகவே இருக்கிறது. குறைமாசப் பிள்ளை நிமிஷத்துக்கு 60, 70 தடவை புது பலூனை ஊதுகிறது. எத்தனை மணி நேரம் ஊதும் சொல்லுங்கள், ஒரு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு?

எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை? மருமக கடைசி வரை பீடி சுத்திக்கிட்டே இருந்தா, அதனாலயா?

இந்தக் கேள்வியை மருமகளை வைத்துக்கொண்டே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அதனால் இல்லை. பப்பாளி தின்றதாலும் இல்லை, கிரகணத்தன்று வெளியே வந்ததாலும் இல்லை. கருவில் சுமார் 24 வாரத்தில்தான் இந்தப் பொருள் ஊற ஆரம்பிக்கும், போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன்னால் பிறந்தால் சரக்கு குறைவு. கணக்கு அவ்வளவுதான். ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஆண் பிள்ளைக்குத் திணறல் கொஞ்சம் அதிகம் வரும். தாய்க்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் நுரையீரல் முதிர்ச்சி தாமதப்படும். வலியே வராமல் சிசேரியன் செய்த பிள்ளைக்கும் வாய்ப்பு கூடுதல்.

சுளகை மடியில் வைத்து நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருப்பதும் புகையிலைத் தூசியும் கர்ப்பிணிக்கு நல்லதில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் சுளகை இறக்கி வைக்க வசதி உள்ள பெண்கள் எத்தனை பேர்? அவளைக் குற்றவாளி ஆக்கி ஒன்றும் ஆகப் போவதில்லை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் எடுக்கிற வேலை இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காதுன்னு ஆச்சி சொல்லுதாங்களே?

எல்லா ஆச்சிகளும் சொல்கிறார்கள். தப்பு. எட்டு மாசப் பிள்ளையின் நுரையீரல் ஏழு மாசப் பிள்ளையினுடையதை விட முதிர்ந்தது, பிழைக்கிற வாய்ப்பும் கூடுதல். வயிற்றில் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

பிறந்ததும் நல்லா அழுதுச்சு. இரண்டு மணி நேரம் கழிச்சு மூச்சு வாங்குதுன்னு கொண்டு போயிட்டாங்க. என்ன ஆச்சு?

இப்படித்தான் வரும். பிறந்த உடனேயோ சில மணி நேரத்துக்குள்ளேயோ ஆரம்பித்து, முதல் இரண்டு மூன்று நாள் கூடிக்கொண்டே போகும். நாங்கள் பார்ப்பது நான்கைந்து விஷயம். மூச்சு நிமிஷத்துக்கு 60-ஐத் தாண்டுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, விலாவுக்கு இடையிலும் நெஞ்சுக்குழியிலும் தோல் உள்ளே இழுக்கிறதா, நாக்கும் உதடும் நீலம் பாரிக்கிறதா, அப்புறம் அந்த முனகல்.

முனகலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் 'ம்ஹ்... ம்ஹ்...' என்று கேட்கும். "பிள்ளை பேசுது சிஸ்டர்" என்று ஒரு தாத்தா சந்தோஷமாகச் சொன்னார், எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. காற்று முழுசாக வெளியே போனால் அறைகள் ஒட்டிவிடும் என்பதால் பிள்ளை தானே தொண்டையை அரைகுறையாக மூடி, கொஞ்சம் காற்றை உள்ளே பிடித்து வைக்கப் பார்க்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காத வித்தை. அந்தச் சத்தத்தை உங்கள் வீட்டிலோ ஊர் ஆஸ்பத்திரியிலோ கேட்டால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடம் மார்கழிக் காலையில் வயல்காடு தெரிகிற மாதிரி வெள்ளையாகப் புகைந்து தெரியும். எல்லா மூச்சுத் திணறலும் இது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுரையீரலில் இருந்த தண்ணீர் வற்றத் தாமதம் ஆனாலும் மூச்சு வாங்கும், கிருமித் தொற்றாலும் வாங்கும். முன்னது பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும், அதற்கு இந்த மருந்து தேவைப்படாது.

நேரே மருந்தைப் போடாம மூக்கில குழாயை மாட்டி தண்ணி பாட்டில்ல குமிழ் விட்டுக்கிட்டு இருக்காங்க. காசுக்காக இழுக்காங்களோ?

இல்லை. அதுதான் சிபேப். பிள்ளை தொண்டையை மூடிச் செய்யப் பார்த்த அதே வேலையை வெளியிலிருந்து செய்கிறோம். மூக்கு வழியாகக் காற்று விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், அதனால் அறைகள் ஒட்டாது. குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும், அந்த ஆழம்தான் அழுத்தத்தின் அளவு. அந்தக் குமிழ்ச் சத்தம் எங்களுக்குத் தாலாட்டு மாதிரி. சத்தம் நின்றால்தான் ஓடுவோம், எங்கோ கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

நிறையப் பிள்ளைகள், குறிப்பாக 30 வாரத்தைத் தாண்டியவர்கள், இதிலேயே தேறிவிடுகிறார்கள். சிபேப்பில் வைத்தும் ஆக்ஸிஜன் 30 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தால் பொதுவாக மருந்துக்குப் போவார்கள். நாம் இழுக்கிற சாதாரணக் காற்றில் இருப்பது 21 சதவீதம். ஆகவே டாக்டரிடம் "சீரியஸா?" என்று கேட்பதை விட "எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனில் இருக்கு? நேத்து எத்தனை?" என்று கேட்டால் உங்களுக்கு நிலவரம் தெளிவாகப் புரியும்.

மருந்தை எப்படிக் கொடுப்பாங்க? ஊசியா?

ஊசி இல்லை, வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள். நான் பார்க்கிற மாதிரியே சொல்கிறேன். மருந்து ஃபிரிட்ஜில் இருக்கும், கட்டைவிரல் உயரத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பி. எடுத்ததும் உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொள்வேன், குளிர்ச்சி போக வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினால் அடியில் படிந்தது கலந்து பால் மாதிரி வெள்ளையாக வரும். புதுசாக வந்த நர்ஸ் பிள்ளை ஒருத்தி இருமல் டானிக் மாதிரி குலுக்கப் போய் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஏட்டி!" என்று கத்தினோம், பாவம் அவள் குப்பியையே கீழே விடப் பார்த்தாள்.

ஒரு கிலோ பிள்ளைக்குப் பன்றியிலிருந்து எடுத்த மருந்து என்றால் இரண்டரை மில்லி, மாட்டிலிருந்து எடுத்ததில் ஒரு வகை நான்கு மில்லி. டாக்டர் சின்ன விளக்குக் கருவியால் தொண்டையைப் பார்த்து மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்குவார். முன்பெல்லாம் குழாய் போட்டு மருந்து விட்டு வென்டிலேட்டரிலேயே வைப்போம். அப்புறம் குழாய் போட்டு, மருந்து விட்டு, உடனே குழாயை எடுத்து சிபேப்புக்கு மாற்றுகிற முறை வந்தது. இப்போது, பிள்ளை தானே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், சிபேப்பைக் கழற்றாமலேயே நூடுல்ஸ் மாதிரி மெல்லிய குழாயை இறக்கி ஓரிரு நிமிஷத்தில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். எந்த முறை என்பது பிள்ளையின் நிலைமையையும் டாக்டரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது.

விடும்போது மானிட்டரில் எண்கள் இறங்கும், இதயத் துடிப்பு குறையும், எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். மூச்சுப் பாதையில் திரவத்தை ஊற்றினால் அப்படித்தான், கொஞ்ச நேரம் நிறுத்தி அழுத்தம் கொடுத்துத் தொடர்வோம். அப்புறம் பார்க்க வேண்டுமே! 60 சதவீதம் ஆக்ஸிஜனில் இருந்த பிள்ளைக்குப் பத்து பதினைந்து நிமிஷத்தில் 40, 30 என்று கைதான் ஆக்ஸிஜன் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்கும், குழியாக இழுத்த நெஞ்சு சமமாகும். எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடக்கிற அன்றைக்கு டீ குடிக்க மறந்துபோகும்.

பன்னி, மாடுங்கீங்க. என்ன சிஸ்டர் இது?

உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. க்யூரோசர்ஃப் என்ற பெயரில் வருவது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்தது, சர்வான்டா, நியோசர்ஃப் போன்றவை மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்தவை. எடுத்துச் சுத்திகரித்து, கிருமி நீக்கி, கொழுப்பும் தேவையான புரதமும் மட்டும் மிஞ்சும்படி செய்வார்கள். புரதமே இல்லாமல் முழுக்கச் செயற்கையாகச் செய்த மருந்தும் ஒரு காலத்தில் வந்தது, விலங்கு மருந்தைப் போல் அவ்வளவு வேகமாக வேலை செய்யவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் வரும். மேலப்பாளையத்து அத்தாவுக்குப் பன்றி சங்கடம், டவுனில் சைவக் குடும்பத்துத் தாத்தாவுக்கு மாடு சங்கடம். ஒரே ராத்திரியில் இரண்டு பேரும் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அத்தா பள்ளிவாசல் அசரத்துக்குப் போன் போட்டார், "உயிர் போகிற நிர்ப்பந்தம், தாமதிக்காதீங்க" என்று பதில் வந்தது, கையெழுத்துப் போட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாத்தா, யாரும் எதுவும் சொல்லாமலேயே, "ஆபத்துக்குப் பாவமில்லைப்பா" என்று மகனிடம் பேனாவைக் கொடுத்தார்.

உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் பிரசவத்துக்கு முன்னாலேயே, அல்லது பிள்ளை உள்ளே வந்தவுடனேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வகையும் கையிருப்பில் இருந்தால் உங்கள் விருப்பத்தையும் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இருப்பதைப் போடுவதுதான் சரி, அது என் கருத்து.

ஒரு தடவை போட்டா போதுமா? ஆயுசுக்கும் போடணுமா?

பலருக்கு ஒன்று போதும். ஆக்ஸிஜன் தேவை மறுபடி ஏறினால் சில மணி நேரம் கழித்து இரண்டாவது போடுவார்கள், மூன்றாவது அபூர்வம். களக்காட்டுப் பக்கம் குலை தள்ளின வாழைக்கு முட்டுக் கொடுப்பார்கள் இல்லையா, அந்த மாதிரிதான். இரண்டு மூன்று நாளில் பிள்ளையின் நுரையீரல் தானே ஊற ஆரம்பித்துவிடும். பிறகு ஆயுசுக்கும் இது தேவையில்லை.

ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. மருந்து விடும்போது துடிப்பு குறைவது, குழாய் அடைப்பது, இரண்டும் அந்த நேரத்துப் பிரச்சினை, கையோடு சரிசெய்யக் கூடியவை. அபூர்வமாக நுரையீரலில் ரத்தக் கசிவு வரலாம், மிகச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பயம். மறுபக்கம், நுரையீரல் ஓட்டை விழுந்து நெஞ்சுக்குள் காற்று கசிவதும் மரணமும் இந்த மருந்தால் நன்றாகக் குறைகிறது. தட்டில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் தாழும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் மருந்து போட்டாச்சு, இனிப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 28 வாரத்துப் பிள்ளைக்கு மூளையில் ரத்தக் கசிவு, குடல் அழற்சி, கிருமி, மூச்சை மறந்துவிடுவது என்று வரிசையாக இருக்கின்றன, இந்த மருந்து அவற்றுக்கானது அல்ல. மூச்சை மறக்கிறது என்றால் நிஜமாகவே மறந்துவிடும், மூளை இன்னும் பழகவில்லை. அதற்குக் காஃபீன் கொடுப்போம். காபியில் இருக்கிற அதே காஃபீன்தான், கேட்டதும் அப்பாமார் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

மானிட்டர்ல 92-ன்னு காட்டுது. 100 வைக்கக் கூடாதா?

கூடாது. அந்த எண் ரத்தத்தில் இருக்கிற ஆக்ஸிஜன் அளவு. ஆக்ஸிஜன் கொடுக்கிற குறைமாசப் பிள்ளைக்கு அது 90 முதல் 95 வரைதான் எங்கள் வேலி. கூடினால் கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும், பார்வையே போகலாம். 99 காட்டினால் நீங்கள் கும்பிடுவீர்கள், நான் ஆக்ஸிஜனைக் குறைக்க ஓடி வருவேன்.

இது புது மருந்தா? எங்க பிள்ளையை வச்சு சோதனை பண்ணலியே?

இந்த மருந்துக்கு உங்களை விட வயது கூடுதலாக இருக்கலாம். 1950-களில் விஷவாயு நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்களில் பேட்டில் என்பவர், நுரையீரலிலிருந்து வரும் நுரைக் குமிழ் உடையாமல் நிற்கிறதே என்று கவனித்தார். 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர், மூச்சுத் திணறி இறந்த பிள்ளைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் இல்லை என்று காட்டினார். அதுவரை இது ஏதோ ஒரு பொருள் சேர்வதால் வரும் நோய் என்று நினைத்திருந்தார்கள், ஏவரி காட்டியது ஒரு பொருள் இல்லாததால் வரும் நோய் என்று.

காரணம் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்தி ஒரு மகன் பிறந்தான், எடை 2 கிலோ 100 கிராம். உலகத்திலேயே செல்வாக்கான அப்பா, எல்லா டாக்டரும் இருந்தார்கள், இரண்டே நாளில் பிள்ளை போய்விட்டது. இன்றைக்கு 2.1 கிலோவில் ஒரு பிள்ளை எங்கள் வார்டுக்கு வந்தால் நாங்கள் அதைப் பெரிய பிள்ளை என்போம். 1980-இல் ஜப்பானில் ஃபூஜிவாரா என்ற டாக்டர் மாட்டு நுரையீரல் மருந்தைப் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். 1990-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. சோதனைக் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, பயப்படாதீர்கள்.

பிரசவத்துக்கு முந்தியே ஏதாவது செஞ்சிருக்கலாமா?

நான் இந்தப் பக்கத்தை எழுதினதே இந்தக் கேள்விக்காகத்தான். குப்பி மருந்து கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் ஒரு ஊசி இருக்கிறது, மிக மலிவானது, தாய்க்குப் போடுவது. டெக்ஸாமெத்தசோன், 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர் ஆடுகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்து வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பிழைக்கவே முடியாத அளவு முந்திப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நுரையீரல் முந்தியே பழுத்துவிட்டது! 1972-இல் ஹோவீ என்பவரோடு சேர்ந்து தாய்மாரிடம் அதை நிரூபித்தார். இந்த ஊசி திணறலை மட்டுமில்லை, மூளை ரத்தக் கசிவையும் மரணத்தையும் குறைக்கிறது. முழுப் பலன் 24 மணி நேரம் கழித்துத்தான், ஆனால் ஒரே ஊசி போட்டு ஆறு மணி நேரத்தில் பிறந்தாலும் ஒன்றுமே போடாததை விட மேல்.

24 முதல் 34 வாரத்துக்குள் வலியோ நீர்க்குடம் உடைவதோ ரத்தப்போக்கோ வந்தால் இந்த ஊசியைக் கேளுங்கள், வாய் விட்டுக் கேளுங்கள். 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கிராம சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சர்க்கரை உள்ள தாய்க்கும் போடலாம், சர்க்கரை அளவு ஏறும், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விஷயம், பிறந்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை விட, பிறக்கும் முன் தாயைக் கொண்டு போவது. தாயின் வயிற்றை விட நல்ல இன்குபேட்டர் கிடையாது. அம்பாசமுத்திரமோ ராதாபுரமோ, 108-ஐக் கூப்பிட்டுப் பச்சைப் பிள்ளை வார்டு உள்ள ஆஸ்பத்திரிக்கு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு, வயிற்றோடேயே வந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு ஐப்பசி மழைநாளில் 31 வாரத்துப் பிள்ளை ஒன்று வந்தது. முந்தின நாள் மத்தியானமே நீர்க்குடம் உடைந்து தாய் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். அந்த ஊசியும் போடவில்லை, மேலே அனுப்பவும் இல்லை. விடியற்காலம் பிறந்ததும் நனைந்த டர்க்கி டவலில் சுற்றி ஒரு வாடகைக் காரில் சித்தப்பா மடியில் வைத்து அனுப்பிவிட்டார்கள். வந்தபோது உடம்புச் சூடு 34 டிகிரி, என் விரலுக்கு அந்தக் கால் பாதம் மீன் மாதிரி சில்லென்று இருந்தது. குளிர்ந்த உடம்பில் சர்ஃபாக்டன்ட் ஊறுவதும் குறையும், போட்ட மருந்தும் சரியாகப் பிடிக்காது. இரண்டு குப்பி போட்டோம். பிழைத்தது, ஆனால் 58 நாள் ஆயிற்று. ஒரு ஊசியும் ஒரு காய்ந்த துணியும் அந்த 58-இல் எத்தனை நாளைக் குறைத்திருக்கும் என்று நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

வழியிலேயே பிறந்துவிட்டால்? துடைத்து, தலைக்குக் குல்லா போட்டு, தாயின் வெறும் நெஞ்சில் ஒட்டவைத்து மேலே போர்த்திக் கொண்டுவாருங்கள்.

சித்திரையில பிறந்தா அப்பனுக்கு ஆகாதாம். பங்குனிக் கடைசியிலேயே ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாமா?

வேண்டாம். வருஷா வருஷம் பங்குனிக் கடைசி வாரத்தில் இப்படி 36, 37 வாரத்தில் 'எடுத்த' பிள்ளைகள் இரண்டு மூன்று மூச்சு வாங்கிக்கொண்டு எங்களிடம் வருகின்றன. ஜாதகம் சுத்தமாக இருக்கும், நெஞ்சு குழி விழுந்துகொண்டிருக்கும். மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன்னால் வைக்கக் கூடாது. வாரத்தை முடிவு செய்துவிட்டு அந்த வாரத்துக்குள் நல்ல நேரம் பாருங்கள், யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

செலவு?

குப்பி ஒன்று ஆயிரக்கணக்கில் வரும், பிள்ளையின் எடை கூடக் கூடக் குப்பியும் கூடும். அதை விட வார்டில் ஆகிற நாள் கணக்குதான் தனியாரில் பெரிய தொகை. அரசு ஆஸ்பத்திரியில் பச்சைப் பிள்ளை வார்டு சிகிச்சைக்குப் பணம் இல்லை. தனியாரில் சேர்த்தவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே கவுண்டரில் காட்டி, இந்தச் சிகிச்சை அதில் வருமா, எவ்வளவு வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்துத் தாலியை அடகு வைத்துவிட்டு அட்டையை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

பிள்ளை நாக்குல சேனை தொட்டு வைக்கணும், உள்ளே விடுவீங்களா?

மாட்டோம் ஆச்சி. சீனித் தண்ணியும் வேண்டாம், தேனும் வேண்டாம். குணமுள்ளவர் கையால் சேனை வைத்தால் அந்தக் குணம் வரும் என்கிற ஆசை புரிகிறது, ஆனால் அந்தச் சொட்டில் வரும் கிருமியைத் தாங்க இந்தக் குடலுக்குத் தெம்பு கிடையாது.

அதற்குப் பதிலாகச் சீம்பால். முதல் சில மணி நேரத்திலிருந்தே தாய் கையால் பீய்ச்சி எடுக்க வேண்டும், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. முதல் நாள் கால் ஸ்பூன் வரும், அதைப் பார்த்து அழாதீர்கள், அந்த மஞ்சள் சொட்டு போதும். மருமகளைத் திட்டிக்கொண்டே பால் எதிர்பார்க்காதீர்கள், அழுதால் பால் இறங்கத் தாமதமாகும்.

பிள்ளை கொஞ்சம் நிலைப்பட்டதும் கங்காரு முறையில் நெஞ்சோடு நெஞ்சாக வைக்கச் சொல்வோம். தாயால் முடியாத நேரம் அப்பாவும் வைக்கலாம், ஆச்சியும் வைக்கலாம். சட்டையைக் கழற்றச் சொன்னதும் மூன்று தடவை மீசையைத் தடவிக்கொண்டு வெட்கப்பட்ட லோடுமேன் ஒருவர், பிறகு நாங்கள் எழுப்பினால்தான் எழுந்திருப்பார், அப்பனும் மகளும் ஒரே மூச்சில் தூங்குவார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன பார்க்கணும்? மூளை, கண்ணெல்லாம் சரியா இருக்குமா?

மருந்து போட்டதால் பின்னால் எதுவும் வராது. முந்திப் பிறந்ததால் வரக் கூடியவை உண்டு, ஆகவே தேதிகளைத் தவற விடாதீர்கள். வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து கணக்குப் பண்ணாதீர்கள், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டதே என்று மனசு கெடாது. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. மூச்சு மறுபடி வேகமாக வாங்கினால், பால் குடிக்காமல் துவண்டால், உடம்பு சில்லிட்டால் உடனே கொண்டுவாருங்கள். புகை பிடிக்கிறவர்களும் கொசுவத்திச் சுருளும் அந்த அறைக்கு வெளியே.

கண்தான் அவசரம். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும், 28 வாரத்துக்கும் கீழே என்றால் இன்னும் முந்தி, இரண்டு மூன்று வாரத்திலேயே. பிள்ளை கண்ணைத் திருப்பிப் பார்க்குதே, சிரிக்குதே என்று விட்டுவிடாதீர்கள், வெளியே ஒன்றும் தெரியாது. திருநெல்வேலியிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் கண் தேதியை நான் சிவப்புப் பேனாவில் எழுதி இரண்டு தடவை வட்டம் போட்டுக் கொடுப்பேன். திருச்செந்தூர் மொட்டைக்கு வேன் பேசின அதே நாளாக இருந்தால் வேனை மாற்றிப் போடுங்கள். பரிசோதனைக்கு முந்தி கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டும், அரை நாள் ஆகும், பீய்ச்சின பாலைக் கையோடு எடுத்துப் போங்கள்.